கவிழ்ந்து கிடக்கும் கல்லைப் புரட்டு

"சொந்த ஊர் எது?"

இந்தக் கேள்வியை நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய், தங்கச்சி? எத்தனை தரம் உன் தொண்டை அடைத்திருக்கும், தம்பி?

வெள்ளவத்தையில் பிறந்து, காலி வீதி பஸ்களின் இரைச்சலிலேயே நித்திரை கொள்ளப் பழகிய பிள்ளையிடம் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையாக ஒரே ஒழுங்கையில் இருக்கிற வீட்டுப் பிள்ளையிடமும் கேட்கிறார்கள். "கொழும்பு" என்று சொன்னால் விடமாட்டார்கள். "அது சரி, சொந்த ஊர்?" கேட்பவர் சிங்களவராக இருக்கலாம். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற எங்கள் பெரியம்மாவாகவும் இருக்கலாம்.

எனக்குப் பதினேழு வயதில் ஓர் அலுவலகத்தில் இது நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் படிவத்தை வாசித்துவிட்டு அதே கேள்வியை மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை நான் அப்பாவின் ஊரைச் சொன்னேன். அந்த ஊரை அதுவரை நான் கண்டதேயில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது முகம் எரிந்தது. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் பிறந்த நகரத்தில் கால் ஊன்றி நிற்க என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டுவிட்டேன். அதுதான் எரிந்தது.

ஆதாரம் இருந்தது. அந்தப் பஸ் தரிப்பிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், கல்லில் வெட்டிய தமிழில் நின்றுகொண்டிருந்தது. நான்தான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பிழையை நீயும் செய்ய நான் விடமாட்டேன். எழும்பு, என்னோடு வா.

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் 155ஆம் இலக்க பஸ் இணைக்கிறது. நீ எந்த முனையில் ஏறினாலும் சரி, இடையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தேசிய நூதனசாலை. 1877ஆம் ஆண்டின் முதல் நாள் திறந்த வெள்ளைக் கட்டடம். அதைக் கட்டி எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற கொழும்புச் சோனகர். இத்தனை காலம் அந்த வாசலைக் கடந்து ரியூசனுக்கு ஓடியிருக்கிறாய். இன்றைக்கு உள்ளே போ. போய்க் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் நில்.

மேலே இரண்டு சீன நாகங்கள். கீழே மூன்று எழுத்துகள்: சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் தேதி. மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லெயின் பெயரால், கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் இது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவுக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் வழிபாட்டுக்குச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே போகின்றன. ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று இல்லை.

இந்தக் கல் வெட்டப்பட்டது சீனத்தில், கப்பல் புறப்படும் முன்னரே. அதைக் கொஞ்சம் நிதானமாக யோசி. இந்தத் தீவின் தென் துறைமுகத்தில் இறங்கிப் பேச வேண்டுமானால் எந்தெந்த மொழிகள் வேண்டும் என்று அந்தப் பேரரசின் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். போட்ட கணக்கில் தமிழ் வந்தது. உன் அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற மொழி!

பிறகு அந்தக் கல்லுக்கு என்ன நடந்தது தெரியுமா? 1911இல் காலியில் கிரிப்ஸ் வீதிப் பக்கம் தொமலின் என்ற பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாக இருந்தது. எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. மேலே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மாடுகள் போயின, ஆட்கள் போனார்கள், மழை வந்து போனது. எழுத்துகள் இருட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. எகிப்தின் ரொசெட்டாக் கல்லுக்கும் இதே விதிதான். 1799இல் பிரெஞ்சுப் படையினர் அதைக் கண்டபோது ஒரு கோட்டைச் சுவரில் கட்டுக்கல்லாகத்தான் இருந்தது. அதிலும் மூன்று வகை எழுத்து. அதன் புதிரை அவிழ்க்க ஷம்போலியன் என்ற அறிஞருக்கு 1822 வரை போனது, ஏனென்றால் அந்தப் படவெழுத்தை வாசிக்க உலகத்தில் ஓர் ஆளும் மிஞ்சியிருக்கவில்லை. உன் கதை அப்படியல்ல. காலிக் கல்லின் தமிழ்ப் பகுதியை வாசிக்கத் தேவையான மொழி உன் நாக்கில் இருக்கிறது. அறுநூறு ஆண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறது!

"எனக்கு ஹிஸ்ட்ரி வராது, சேர்." கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பிள்ளை முதல் நாளே சொன்ன வாக்கியம் இது. ஓ.எல். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அரசர்களின் பெயரும் ஆண்டும் அட்டவணையாக எழுதி, சுவரில் ஒட்டி, பாடமாக்கி, மறந்து, அழுது களைத்திருந்தாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். அட்டவணை வரலாறு இல்லை. அது வரலாற்றின் சுடலைக் கணக்கு. வரலாறு என்பது ஒரு வழக்கு விசாரணை. கல் ஒரு சாட்சி, சிலை ஒரு சாட்சி, சுவடி ஒரு சாட்சி. கேள்வி கேட்கிற ஆள் நீ. கேள்வி கேட்கத் தெரியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற உன் அம்மாவின் கண் உனக்கும் இருக்கிறது.

அந்தக் கண்ணோடு இப்போது காலிக் கல்லைத் திரும்பப் பார். கல் காணிக்கை பற்றிப் பேசுகிறது, பக்தியாகப் பேசுகிறது. ஆனால் சீனத்து அரச வரலாறுகளைத் திறந்தால், இரண்டே ஆண்டுகளில், 1411இல், இதே செங் ஹே இந்தத் தீவின் ஆட்சியாளர் அழகக்கோனாரோடு போர் செய்து அவரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோன செய்தி இருக்கிறது. கல்லில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை, இருக்கவும் முடியாது. வெட்டிய நாளுக்குப் பிறகு நடந்ததைக் கல் அறியாது. வெட்டுவித்தவர் மறைக்க நினைத்ததையும் அது சொல்லாது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதினால் நீ ஏமாந்துவிடுவாய்.

இன்னொன்று. மூன்று மொழியில் தமிழ் இருக்கிறது, சிங்களம் இல்லை என்றவுடன் சிலர் கைபேசியில் தட்டத் தொடங்கிவிடுவார்கள்: "பார்த்தீர்களா, அன்றைக்குத் தெற்கு முழுவதும் தமிழர்தான்!" அடுத்த நிமிடம் ஆயிரம் பேருக்குப் போய்விடும். நீ அதைச் செய்யாதே. கல் அப்படிச் சொல்லவில்லை. கடல் வணிகத்தில் தமிழ் பேசியவர்கள் கணக்கில் எடுக்கவேண்டியவர்களாக இருந்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. அது போதாதா? உண்மை கையில் இருக்கும்போது அதற்கு மேலே பொய்யைப் பூசுகிறவனுக்கு உண்மையில் நம்பிக்கை இல்லை. நெஞ்சுரம் உள்ளவன் கல் சொல்கிற இடத்தில் பேசுவான், கல் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவான். உன்னிடம் நான் கேட்கிற தன்னம்பிக்கை அந்த வகை.

அது எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். சோழர் ஆட்சி. முதலாம் இராஜராஜனின் படை 993 அளவில் வந்து, இராஜேந்திரன் காலத்தில் 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துப் போனது. பிக்குகள் எழுதிய வரலாற்று நூலான சூளவம்சம் இதைக் கண்ணீரோடு எழுதுகிறது. சோழர் விகாரைகளை உடைத்தார்கள், செல்வத்தை அள்ளிக்கொண்டு போனார்கள் என்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு இருந்தவன் நான். என்னவோ நானே போய்க் கொள்ளையடித்தது மாதிரி.

ஆனால் திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. அதே சோழர் காலத்தில் அந்தப் பௌத்த விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் இருந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளைப் பார். விளக்கெரிக்கக் கொடுத்தார்கள், பசுக்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் தமிழ்ப் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. புத்தர் கோயிலுக்குத் தமிழர் ஏற்றிய விளக்கு! பொலன்னறுவையில் இன்னொரு கல். அரசன் முதலாம் விஜயபாகு இறந்தபின், தலதா மாளிகையைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் சபதம் செய்து வெட்டுவித்தது, தமிழில்.

அப்படியானால் சூளவம்சம் பொய்யா? இல்லை. கொள்ளை நடந்தது. விளக்கும் எரிந்தது. எழுதிய பிக்குவுக்கு எரிந்த விகாரைகள் தெரிந்தன. கல் வெட்டுவித்தவர்களுக்குத் தாங்கள் கொடுத்த பசுக்கள் தெரிந்தன. இரண்டையும் ஒன்றாகக் கையில் ஏந்துவது கடினம், மனம் ஒரு பக்கம் சாயவே பார்க்கும். சாயாமல் பிடி. அப்படிப் பிடிக்கப் பழகியவனை எந்த மேடைப் பேச்சாளனும் கோபத்துக்கு வாடகைக்கு எடுக்க முடியாது. குனிந்திருந்த என் தலையை நிமிர்த்தியது அந்த இரண்டும் சேர்ந்துதான். ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் வெட்கமோ வெறியோதான் மிஞ்சியிருக்கும்.

அரசர்களை விடு. எனக்கு மிகப் பிடித்த சாட்சி மாதோட்டத்துக் கல். அதுவும் கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்த கல்தான். சோழ நாட்டிலிருந்து வந்த தாழி குமரன் என்பவன் மாதோட்டத்தில் இராஜராஜ ஈஸ்வரம் என்ற கோயிலை எடுத்து, அதற்கு நிலமும் காசும் வைத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தக் காசு யார் கையில் போனது? எண்ணெய் வாணிகர், வெற்றிலை வாணிகர், வாழைக்காய் வாணிகர். வட்டியிலிருந்து விளக்குக்கு எண்ணெய், வெற்றிலை, வாழைக்காய். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழைக்காய் விற்றவர்கள் கல்வெட்டில் இருக்கிறார்கள்! வெள்ளவத்தைச் சந்தையில் காலை ஐந்து மணிக்கு வாழைக்குலை இறக்குகிற தகப்பனின் பிள்ளையே, "எங்களுக்கு என்ன வரலாறு" என்று இனி ஒரு நாளும் சொல்லாதே.

சிலைகளிடமும் போ. பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் தோண்டுவித்தபோது சிவன் கோயில் இடிபாட்டிலிருந்து வெண்கலங்கள் வெளிவந்தன. நடராஜர், சுந்தரர், இன்னும் பலர். 1960இல் இன்னொரு தொகுதி வெளிவந்தது, அதில் காரைக்கால் அம்மையாரும் இருந்தார். எலும்பு தெரிகிற உடம்பு, கையில் தாளம், முகத்தில் ஒரு பெரும் மகிழ்ச்சி. நூதனசாலையில் இவற்றின் முன்னால் நின்று கும்பிடுவது உன் விருப்பம். கும்பிட்டபின் வடிவாகப் பார். உற்சவ மூர்த்தியானால் பீடத்தில் தண்டு கோக்க வளையமோ துளையோ இருக்கும். அது ஏன்? தோளில் தூக்கிப்போக. தூக்கிப்போனார்கள் என்றால் வீதி இருந்தது, கூட்டம் இருந்தது, மேளம் இருந்தது, பாட்டு இருந்தது. ஒரு துளையிலிருந்து ஒரு திருவிழாவையே மீட்டுவிடலாம். ஆடிவேல் ரதத்தின் பின்னால் காலி வீதியில் நடந்த உனக்கு இதை விளக்கவே தேவையில்லை. இவை இங்கே வார்த்தவையா, சோழ நாட்டிலிருந்து கப்பலில் வந்தவையா என்று அறிஞர்கள் நூறு ஆண்டாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும். நீயும் படித்துவிட்டு அந்த வாதத்துக்குள் போ.

இந்த வேலையை முதலில் செய்தவர்கள் யார் என்று நினைக்கிறாய்? நூதனசாலை திறந்த அதே 1877இல், ஆகஸ்ட் மாதத்தில், கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். தகப்பன் சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயதில் தகப்பனை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலங்கைக்குத் திரும்பி வந்தது கனிமங்களை ஆராயும் அதிகாரியாக. மலைநாட்டில் கல்லைத் தேடி நடந்தவர் கலை சாவதைக் கண்டார். கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் என்று ஒவ்வொரு பட்டறையாகப் போய்க் கேட்டார், எழுதினார். அவர் மனைவி எதெல் படம் பிடித்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் இங்கிலாந்தில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் அச்சாகி வந்தது. 425 பிரதிகள்தான். கண்டிச் சிற்றூர்களில் அப்போதும் வேலை செய்த கைகளைப் பார்த்து, பழைய சிற்ப நூல்களோடு ஒப்பிட்டு, அழிந்துபோன காலத்தை எழுப்பினார். "உன் சொந்த ஊர் எது" என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த கொழும்புப் பிள்ளை, சிங்களக் கலைக்கு அதுவரை யாரும் எழுதாத நூலை எழுதினார். பக்கத்து வீட்டின் அழகைப் புகழ்ந்ததால் அவர் ஒரு அங்குலமும் குறையவில்லை.

அதே ஆண்டுகளில் அவருடைய மச்சான் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கொச்சிக்கடையில் கருங்கல் ஏற்றிக்கொண்டிருந்தார். தகப்பன் பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த சிவன் கோயிலை, 1907 தொடங்கி 1912 வரை முழுக் கல்லாக எழுப்பினார். அதுதான் நீ வெள்ளிக்கிழமைகளில் போகிற பொன்னம்பலவாணேசுவரர் கோயில். இன்னொரு மச்சான் சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொலன்னறுவை வெண்கலங்களைப் பற்றி ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் ஆராய்ந்து எழுதினார். அந்த ஐந்து ஆண்டுகளை மனதில் நிறுத்திப் பார். பொலன்னறுவை மண்ணிலிருந்து நடராஜர் எழும்புகிறார், காலியில் கல் புரள்கிறது, இங்கிலாந்தில் புத்தகம் அச்சேறுகிறது, கொட்டாஞ்சேனைக் கடற்கரையில் தூண்கள் நிமிர்கின்றன. அந்தக் கோயிலைக் காட்டி "ஆயிரம் ஆண்டுப் பழமை" என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் திருத்து. அது நூற்றுச் சொச்சம் ஆண்டுக் கட்டடம். அதன் பெருமை வேறு. அயலார் ஆட்சியின் நடுவில், தங்கள் காலத்துக் கோயிலைப் பழைய கல் மொழியிலேயே கட்டுவோம் என்று சிலர் எடுத்த முடிவு அது.

அவர்கள் செல்வந்தர், சேர் பட்டம் பெற்றவர்கள், எங்களால் முடியுமா என்று கேட்பாய். முடியும்! உனக்குத் தேவை ஒரு கொப்பியும் பென்சிலும். சோழர் காலத்துத் தமிழ் எழுத்தைப் பழக ஒரு பல்கலைக்கழகமே வேண்டும் என்று பயப்படாதே. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். வடசொல் வந்தால் கிரந்த எழுத்து கலக்கும். இந்த நாலைந்தையும் தெரிந்துகொண்டு ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் குந்து. பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளையும் பேராசிரியர் சி. பத்மநாதனும் இலங்கையின் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இலிருந்து இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் பத்து நிமிட நடை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு ஒரு பஸ். அங்கே போகாமல் "எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்று குறை சொல்ல உனக்கு உரிமை கிடையாது. கோபமாகத்தான் சொல்கிறேன். உன்மேல் ஆசை வைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே. பரீட்சைக்கு முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை இன்னும் மூன்று பிள்ளைகளோடு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்வெட்டின் அச்சான பாடத்தைக் கையெழுத்தில் படி எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். காலிக் கல்லின் முன் குனிந்து, தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. திடீரென்று குரல் வந்தது. "நா... யி... னா... ர்." பிறகு இன்னும் பலமாக, "நாயினார், சேர்! நாயினார்!"

பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் நின்றது. சின்ன மகனைக் கையில் பிடித்திருந்த தாய் அவளைப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை ஒரு கணம் தயங்கினாள். பிறகு நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். சீன அரசர், கப்பல், பொன், வெள்ளி, தெவிநுவரக் கோயில். தெவிநுவர என்ற பெயரைக் கேட்டதும் அந்தத் தாயின் முகம் மாறியது. பையனைக் கல்லுக்குக் கிட்டக் கொண்டுவந்து விட்டார்.

"ஏன் அன்ரி," என்று கேட்டாள் எங்கள் பிள்ளை, "உங்கட சொந்த ஊர் எது?"

"மாத்தறை."

"அப்ப இது உங்கட ஊர்க் கதைதான். வாங்கோ, முதல் வரியிலிருந்து வாசிச்சுக் காட்டுறன்."